தற்காலிக வேலைக்கு ஆள் சேர்க்கும் நிறுவனம்: கூலிக்கு யார் பொறுப்பு?

திருப்பூர், கோவை வட்டாரத்தில் தற்காலிக வேலைக்கு ஆட்களையும் ஆட்களுக்கு வேலையையும் சேர்த்து வைக்கும் செயலி ஒன்றைத் தொடங்க நினைப்பவர், அந்தத் தொழிலில் தொழிலாளிக்கு அநியாயம் நடக்கக் கூடாது என்றும் நினைப்பவராக இருந்தால், அவர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வேலைக்கும் கமிஷன் எடுக்கும் சந்தையாக நடத்தலாம். கமிஷனை விட்டுவிட்டுச் சந்தா மட்டும் வாங்கலாம். தொழிலாளர்களைத் தன் சம்பளப் பட்டியலிலேயே வைத்துக்கொண்டு நிறுவனங்களுக்கு அனுப்பும் ஒப்பந்த நிறுவனமாக இருக்கலாம். தொழிலாளர்களே உரிமையாளர்களாக உள்ள கூட்டுறவுச் சங்கமாகவும் அமைக்கலாம். மென்பொருள் நான்கிற்கும் ஏறக்குறைய ஒன்றேதான். வேலை முடிந்த மாலையில் கூலி வராமல் போனாலோ, வேலையிடத்தில் ஒருவருக்குக் காயம் பட்டாலோ, அந்த இழப்பு யார் தலையில் விழுகிறது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. இந்த ஒப்பீடும் அந்த ஒரு கேள்வியை வைத்தே நான்கையும் எடைபோடுகிறது.

ஆளையும் வேலையையும் சேர்த்து வைப்பது மட்டும் இன்று பெரிய காரியமில்லை. பனியன் கம்பெனிகளில் ஆர்டர் குவியும்போது செக்கிங், அயர்னிங், பேக்கிங் பிரிவுகளுக்கு ஆள் பிடித்துத் தரக் காண்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். முகூர்த்த நாளில் பந்தி பரிமாற 40 பேர் வேண்டுமென்றால், கேட்டரிங் மாஸ்டர் முந்தின நாள் இரவு வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போடுகிறார். சற்று நேரத்தில் பெயர்கள் நிரம்பிவிடுகின்றன. இந்த வேகத்தைச் செயலி மிஞ்சப் போவதில்லை. குறை இருப்பது வேறோரிடத்தில். கடைசிப் பந்தி எழுந்த பிறகு, சமையற்கட்டுக்குப் பின்னால் ஈரத்தரையில் பையன்கள் காத்திருக்க, கணக்குப் பார்ப்பவர் சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்து எண்ணுவார். தாமதமாக வந்தவனுக்கு ஐம்பது ரூபாய் குறையும். இலை எடுக்க ஆள் வராததால் அந்த வேலையையும் சேர்த்துச் செய்தவனுக்கு ஒரு ரூபாயும் கூடாது. "பொண்ணு வீட்ல இன்னும் செட்டில் பண்ணல, மீதிய அடுத்த முகூர்த்தத்துல பாத்துக்கலாம்" என்று பாதியோடு அனுப்பப்படுகிறவர்களும் உண்டு. அடுத்த அழைப்பு வர வேண்டுமே என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை.

மேஸ்திரிகளையும் காண்ட்ராக்டர்களையும் வெறும் இடைத்தரகர்கள் என்று ஒதுக்கித் தள்ளுவதும் சரியாகாது. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு முன்பணம் தருகிறவர் அவர்தான்; ஊரிலிருந்து வந்து இறங்கியவருக்குத் தங்க இடம் பார்த்துத் தருகிறவரும் அவர்தான். அந்த முன்பணமே பிறகு தொழிலாளியைக் கட்டிப்போடுகிறது என்பது உண்மையே ஆயினும், அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்காத செயலியை ஒரு மாதத்துக்கு மேல் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். ஆகவே புதிய நிறுவனம் தர வேண்டியவை மூன்று: சொன்ன கூலி சொன்ன நேரத்தில் வரும் என்ற உறுதி, காயம் பட்டால் ஒரு பாதுகாப்பு, எங்கே எத்தனை நாள் வேலை செய்தார் என்று காட்டும் எழுத்துப் பதிவு.

இவற்றைக் கமிஷன் சந்தை தருமா? தொடங்குவதற்கு எளிதானது அதுவே. நாள் கூலி 700 ரூபாய் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஆள் கேட்பவரிடம் 10 சதவீதம் கமிஷன் வாங்கினால் அது 70 ரூபாய். கமிஷன் மீது மட்டும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்பதால் 12 ரூபாய் 60 காசு. ஆக அவர் தருவது 782 ரூபாய் 60 காசு, தொழிலாளி கையில் சேர்வது முழு 700 ரூபாய். காகிதத்தில் இதைவிட நேர்த்தியான ஏற்பாடு கிடையாது. ஆனால் இங்கே நிறுவனம் சட்டப்படி யாருக்கும் முதலாளி இல்லை. கேட்டரிங்காரர் கூலியைக் கொடுக்காவிட்டால் செயலி அவருக்கு நட்சத்திரத்தைக் குறைக்கும். தொழிலாளிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அதோடு, முதலீட்டாளர் பணத்தில் வளரும் சந்தைகள் ஆரம்பத்தில் கமிஷனைக் குறைவாக வைத்து, இரு தரப்பும் பழகிய பிறகு உயர்த்துவது வழக்கம். 2021 அக்டோபரில் குருகிராமில், வீட்டுக்கே வந்து செய்யும் சேவைகளை விற்கும் அர்பன் கம்பெனி என்ற செயலியின் அலுவலகத்தின் முன் அழகுக்கலைப் பெண்கள் திரண்டு போராடியபோது, அவர்களுடைய முதன்மையான குறைகளில் ஒன்று உயர்ந்துகொண்டே போன கமிஷன்தான்.

சட்டமும் இந்த வகை நிறுவனங்களை முழுமையாக விட்டுவிடவில்லை. 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2025 நவம்பர் 21 அன்று மற்ற மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோடு நடைமுறைக்கு வந்தது. செயலி வழி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை, தொழிலாளர்களுக்குத் தரும் தொகையில் 5 சதவீதத்துக்கு மிகாமல், நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ராஜஸ்தான் 2023 இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. கர்நாடகம் 2025 இல் இயற்றியது. தமிழ்நாட்டில் 2023 இல், செயலி வழி வேலை செய்யும் கிக் தொழிலாளர்களுக்கு நலவாரியம் அறிவிக்கப்பட்டு அமைந்தது. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் நலநிதி என்பது பின்னால் என்றோ வரும் உதவி; இன்று மாலை வராத 700 ரூபாய்க்கு அது பதில் சொல்லாது.

சந்தா வழிக்கு அண்மைக்காலத்தில் பெயர் வாங்கித் தந்தது நம்ம யாத்ரி என்ற ஆட்டோ செயலி. 2022 இல் பெங்களூரில் ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தின் துணையோடு தொடங்கிய அது, பயணத்துக்குக் கமிஷன் எடுக்காமல், நாளொன்றுக்கு 25 ரூபாய் என்பது போன்ற சந்தாவில் ஓடியது. பிற்பாடு பெரிய நிறுவனங்களும் ஆட்டோக்களுக்கு அதே வழிக்கு வந்தன. அங்கே அது பொருந்தியதற்குக் காரணம், பயணம் அரைமணி நேரத்தில் முடிகிறது, பயணி இறங்கும்போதே பணம் நேரடியாக ஓட்டுநர் கைக்கு வருகிறது, வண்டியும் ஓட்டுநருடையது என்பதே. பேக்கிங் வேலைக்கு வாரக் கூலியில் போகும் பெண்ணுக்கு இந்த மூன்றில் ஒன்றும் பொருந்தாது. மேலும் வேலை கிடைக்காத நாளிலும் சந்தா கட்ட வேண்டும் என்றால், வருமானமில்லாத நாளின் சுமை அதைத் தாங்க முடியாதவர் மீதே ஏறுகிறது. சந்தாவை ஆள் கேட்கும் நிறுவனங்களிடம் மட்டும் வாங்கலாமே என்றால், வாங்கலாம். ஆனால் அப்போது அது தொலைபேசிப் பட்டியலுக்கு வாடகை வசூலிப்பது போலத்தான். தற்காலிகக் கூலி வேலையைப் பொறுத்தவரை இந்த வழியை ஒதுக்கிவிடலாம் என்பது என் கருத்து.

மூன்றாவது வழியான ஒப்பந்த நிறுவனத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் பொறுப்பை நேராக ஏற்கும் வழி இது ஒன்றே, செலவு அதிகமானதும் இதுவே. தொழிலாளி இங்கே நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறார், கூலி தருவது நிறுவனத்தின் கடமை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் அதன் பெயரில் கட்டப்படுகின்றன. அதே 700 ரூபாய்க்கு, பி.எஃப். பொருந்தும் என்று கொண்டால், நிர்வாகக் கட்டணம் உள்பட முதலாளி பங்கு 13 சதவீதம், அதாவது 91 ரூபாய், இ.எஸ்.ஐ. முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது 22 ரூபாய் 75 காசு. நிறுவனத்தின் சேவைக் கட்டணம் 70 ரூபாயைச் சேர்த்தால் 883 ரூபாய் 75 காசு. ஆள் அனுப்பும் சேவைக்கு ஜி.எஸ்.டி. கமிஷன் மீது மட்டும் அன்றி, கூலி உள்ளிட்ட முழு பில் தொகைக்கும் 18 சதவீதம் என்பதால் இன்னும் 159 ரூபாய். கேட்பவர் தருவது ஏறத்தாழ 1,043 ரூபாய். தொழிலாளியின் பங்காக பி.எஃப். 84 ரூபாயும் இ.எஸ்.ஐ. 5 ரூபாய் 25 காசும் பிடித்தம் போக, அவர் கையில் சேர்வது சுமார் 611 ரூபாய்.

இந்தக் கணக்கில் இரண்டு முட்கள் இருக்கின்றன. முதலாவது, யாருக்கு அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்தது. பனியன் கம்பெனி தான் கட்டிய 159 ரூபாய் ஜி.எஸ்.டி.யை, தான் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரவாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதற்கு உண்மைச் செலவு 884 ரூபாய்தான். கேட்டரிங்காரர் 5 சதவீத வரியில், உள்ளீட்டு வரவு இல்லாமல் தொழில் நடத்துகிறவர். அவருக்கு 1,043 ரூபாயும் செலவே. கமிஷன் சந்தையோடு ஒப்பிட்டால் தலைக்கு 260 ரூபாய் கூடுதல். 40 பேர் பரிமாற வரும் ஒரு கல்யாணத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல். எவ்வளவு நல்ல மனம் படைத்த கேட்டரிங்காரரும் அந்தப் பத்தாயிரத்தைக் கண்டதும் வாட்ஸ்அப் குழுவுக்கே திரும்பிவிடுவார், அவரைக் குறை சொல்வதற்கும் இல்லை.

இரண்டாவது முள் தொழிலாளியின் பக்கம் இருக்கிறது. 700 என்று சொல்லி 611 தந்தால், பக்கத்து காண்ட்ராக்டர் முழு 700 ரூபாயையும் ரொக்கமாகத் தரும்போது, பிடித்தத்தின் பலனை எவ்வளவு விளக்கினாலும் முதல் வாரத்தில் எடுபடாது. அந்தப் பலன்களும் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை பெற, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குக் குறையாமல் பங்களிப்பு இருக்க வேண்டும். மாதம் பத்து நாள் மட்டும் வருகிறவருக்கு அறுபது நாள்தான் சேரும். காய்ச்சலில் படுத்தால் அவருக்கு அந்தத் தொகை கிடைக்காது. வேலையிடத்தில் ஏற்படும் காயத்துக்கான உதவிக்கு அந்த வரம்பு இல்லை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அது உண்டு. கட்டிங் மெஷினுக்கும் ஸ்டீம் அயர்னுக்கும் அருகில் நிற்பவர்களுக்கு இந்த ஒன்றே போதிய காரணம். ஆகவே இந்த வழியைத் தேர்கிறவர் விளம்பரத்தில் மொத்தக் கூலியைப் போடாமல் கைக்கு வரும் தொகையையே போட வேண்டும். முடிந்தால் ஒவ்வொருவருக்கும் மாதத்தில் 13 நாட்களுக்குக் குறையாமல் வேலை தருவதைத் தன் இலக்காக வைத்துக்கொள்ள வேண்டும், ஆறு மாதத்துக்கு 78 என்பது மாதத்துக்கு 13 தான்.

இதற்கான உரிம ஏற்பாடும் மாறியிருக்கிறது. 1970 ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் 20 பேர் என்றிருந்த வரம்பு, புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் 50 பேர் என்றாகிவிட்டது. நிறுவனத்தின் மூல வேலைக்கு, அதாவது அது நடத்தப்படும் முதன்மைத் தொழிலுக்கு, ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக் கூடாது என்று அந்தத் தொகுப்பு சொன்னாலும், வேலை திடீரெனப் பெருகிக் குறித்த காலத்துக்குள் முடிக்க வேண்டியிருக்கும் நிலையை விலக்காக வைத்திருக்கிறது. ஆர்டர் நெருக்கடியில் ஆள் கேட்கும் பனியன் கம்பெனிக்கு அந்த விலக்கு பொருந்தும், ஆண்டு முழுவதும் அதே முப்பது பேரை வைத்துக்கொண்டு நிரந்தரமாக்காமல் இருப்பதற்குப் பொருந்தாது. சமூகப் பொறுப்பு பேசும் நிறுவனம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்து, பின்னதற்கு ஆள் அனுப்ப மறுக்க வேண்டியிருக்கும். 50 பேருக்குக் கீழே இருந்துகொண்டு உரிமத்தைத் தவிர்க்கலாமே என்று கணக்குப் போடுகிறவர் இந்தக் கட்டுரையை இதற்கு மேல் படிக்கத் தேவையில்லை.

உண்மையில் இந்த வழியில் போனவர்களின் கழுத்தை நெரிப்பது சட்டம் அன்று, நடைமுறை மூலதனம். நூறு பேர், மாதம் 26 நாள், 700 ரூபாய் என்றால் கூலி மட்டும் 18 லட்சத்து 20 ஆயிரம். திருப்பூரில் கூலி சனிக்கிழமை வந்தாக வேண்டும். கம்பெனி பில்லை 45 நாளில் தந்தாலே நல்ல கம்பெனி என்கிறார்கள். அந்த இடைவெளியில் 27 லட்சம் ரூபாய்க்கு மேல் வெளியில் நிற்கும், பி.எஃப்.பும் ஜி.எஸ்.டி.யும் தனி. இந்தப் பணம் கையில் இல்லாதபோதுதான், நல்ல எண்ணத்தோடு தொடங்கியவர்களும் "கம்பெனி பில் வரட்டும், கூலி அடுத்த வாரம்" என்று சொல்லத் தொடங்குகிறார்கள். உத்யம் என்ற அரசுப் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனமாக இருந்தால், 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 45 நாட்களுக்குள் பணம் கேட்க உரிமை உண்டு. தாமதித்தால் வாங்கியவர் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது என்ற விதியும் 2024 முதல் கணக்கில் வந்திருப்பதால், கேட்கும் குரலுக்கு இப்போது கொஞ்சம் வலு இருக்கிறது. செயலியைக் கட்டுவதற்கு முதலீடு தேடுகிறவர்கள், அந்தத் தொகையில் பாதியையாவது இந்த இடைவெளிக்கு என்று எடுத்து வைப்பது நல்லது. அதற்கு முதலீட்டாளர் ஒப்பவில்லையென்றால், அவர் பணத்தில் இந்தத் தொழிலைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

நான்காவதாகக் கூட்டுறவு. நியாயம் என்ற அளவுகோலில் இதற்கு மேல் ஒன்றுமில்லை. கேரளத்தின் வடகரையில் 1925 இல் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம், சாலையும் பாலமும் கட்டும் கூலித் தொழிலாளர்களின் சொந்த நிறுவனமாகவே வளர்ந்து, கோழிக்கோட்டில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா நடத்தும் அளவுக்கு வந்திருக்கிறது. நியூயார்க்கில் வீடு சுத்தம் செய்யும் புலம்பெயர்ந்த பெண்களின் கூட்டுறவுகள் சேர்ந்து 2017 இல் தொடங்கிய அப் அண்ட் கோ என்ற தளத்தில், வாடிக்கையாளர் தரும் பணத்தில் 95 சதவீதம் வேலை செய்தவர்களுக்கே போகிறது. ஆனால் ஊராளுங்கலில் ஒருவரையொருவர் அறிந்த, ஒரே ஊரில் தங்கி வேலை செய்த மனிதர்கள் இருந்தார்கள்; காலம் ஒரு நூற்றாண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஆறு மாதத்தில் ஊர் திரும்பும் ஒருவரைப் பொதுக்குழு உறுப்பினராக்கி, அவருடைய பங்குத் தொகையை நிர்வகித்து, மூன்று மொழிகளில் தேர்தல் நடத்துவது முதல் ஆண்டிலேயே செய்யக்கூடிய வேலை அன்று. தமிழ்நாட்டில் 1983 ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யும் சங்கங்களில் அரசு அதிகாரிகளின் பிடி இறுக்கமாக இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதோடு ஒட்டி, நம்மில் பலர் மறந்துவிட்ட ஓர் ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். மகாராஷ்டிரத்தில் 1969 இல் சுமைதூக்கும் தொழிலாளர்களுக்காக வந்த மாதாடி சட்டத்தின்படி, சந்தை வணிகர்களும் தொழிலாளர்களும் முத்தரப்பு வாரியத்தில் பதிவு செய்துகொள்கிறார்கள். வணிகர் கூலியையும் அதன் மேல் ஒரு விகிதத்தையும் வாரியத்தில் கட்ட, வாரியமே தொழிலாளிக்குக் கூலியைத் தருகிறது. கூலியை நடுவில் ஒருவர் பொறுப்பாகப் பிடித்து வைத்துத் தர வேண்டும் என்ற கருத்து, செயலி என்ற சொல்லே புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே இந்த நாட்டில் சட்டமாக இருந்திருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது, ஒரே ஒரு தொழிலில் தொடங்குவதென்றால், பனியன் கம்பெனிகளுக்கான செக்கிங், பேக்கிங் வேலையை எடுத்துக்கொண்டு ஒப்பந்த நிறுவனமாகத் தொடங்குவதே சரி என்பேன். வாங்குகிறவருக்கு ஜி.எஸ்.டி. சுமை இல்லை, வேலை வாரக்கணக்கில் தொடர்வதால் 78 நாள் வரம்பை எட்ட முடியும், வெளிநாட்டு வாங்குபவர்களின் தணிக்கைக்குப் பயந்து சம்பளப் பதிவேட்டை ஒழுங்காக வைக்க வேண்டிய கட்டாயமும் கம்பெனிகளுக்கு இருக்கிறது. சுத்தமான ஆவணத்தோடு வரும் ஆளுக்கு அவர்கள் சற்றுக் கூடுதலாகத் தருவார்கள். கேட்டரிங் வேலைக்கு அந்த வடிவம் ஓடாது. அங்கே கமிஷன் சந்தையாகவே நடத்தி, இரண்டு நிபந்தனைகளை மட்டும் விடாப்பிடியாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று, மொத்தக் கூலியும் முதல் நாளே வந்துவிட வேண்டும். அதை நிறுவனத்தின் சொந்தக் கணக்கில் வைக்காமல், ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற பேமெண்ட் அக்ரிகேட்டர் எனப்படும் பணப் பரிமாற்ற நிறுவனத்தின் எஸ்க்ரோ கணக்கு, அதாவது பொதுவாகப் பிடித்து வைக்கும் கணக்கு, வழியாக நிறுத்தி, வேலை முடிந்ததும் விடுவிக்க வேண்டும். இன்னொன்று, வருகிற ஒவ்வொருவருக்கும் விபத்துக் காப்பீடு. ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் வரை தரும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்த்து விடுவதே குறைந்தபட்சத் தொடக்கம். பந்திக்கு வரும் பையன்களில் 18 வயது நிரம்பாதவர்களும் கலந்திருப்பதால், வயதுச் சான்று பார்க்காமல் யாரையும் சேர்க்கக் கூடாது.

எந்த வடிவமானாலும் தொழிலாளியிடமிருந்து பதிவுக் கட்டணம், சீருடைக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று எதுவும் வாங்கக் கூடாது. மதிப்பீட்டு நட்சத்திரத்தைப் பற்றியும் முன்கூட்டியே ஒரு முடிவு வேண்டும். மேற்பார்வையாளரோடு ஒரு நாள் வாய்த்தகராறு ஏற்பட்டதற்காக ஒரு நட்சத்திரம் பெற்ற பெண்ணுக்கு, அடுத்த நாளிலிருந்து வேலை அறிவிப்பே வராமல் போவது மேஸ்திரியின் கோபத்தைவிடக் கொடுமையானது. மேஸ்திரியிடம் வீட்டுக்குப் போயாவது பேசலாம். செயலியிலிருந்து ஒருவரை நீக்குவதற்கு எழுத்தில் காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் வேண்டும் என்கிறது கர்நாடகச் சட்டம். தமிழ்நாட்டில் கட்டாயமில்லாவிட்டாலும் அதை நிறுவனத்தின் சொந்த விதியாகவே எழுதி வைக்கலாம். வீட்டில் ஒரே கைபேசி, அதுவும் கணவரிடமோ மகனிடமோ இருக்கும் குடும்பங்கள் ஏராளம் என்பதால், செயலியோடு கூடவே தமிழ், இந்தி, ஒடியா மொழிகளில் பேசும் தொலைபேசி எண் ஒன்றும் இருந்தாக வேண்டும். பெண்கள் பெரும்பாலும் அந்த எண் வழியாகத்தான் வருவார்கள்.

கூட்டுறவை முழுவதுமாகக் கைவிட வேண்டும் என்பதில்லை. தனியார் நிறுவனமாகத் தொடங்கும்போதே, இரண்டாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து வருகிறவர்களுக்கென ஓர் அறக்கட்டளையின் பெயரில் ஒரு பங்கையும், இயக்குநர் குழுவில் அவர்கள் தேர்ந்தெடுக்கும் ஒருவருக்கு இடத்தையும் நிறுவன விதிமுறையிலேயே எழுதிவிடலாம். முதலீட்டாளர் வந்த பிறகு இதைச் சேர்ப்பது கடினம். ஆண்டு முழுவதும் வருகிற உள்ளூர்ப் பெண்களின் எண்ணிக்கை இருநூறைத் தாண்டி, பில் தொகையும் ஒழுங்காக வரத் தொடங்கினால், பேக்கிங் பிரிவை மட்டும் தனிச் சங்கமாகப் பிரித்து, மென்பொருளை அவர்களுக்கு வாடகைக்குத் தரும் யோசனையை அப்போது எடுக்கலாம்.